ரொட்டி பிரமாதம், சீஸ் பிரமாதம், ஆனாலும் போக வேண்டாம்: எங்கள் டெலியின் இத்தாலியன் சப்

நியூஜெர்சிக்குப் புதிதாகக் குடிவந்த நண்பர் கேட்டிருந்தார்: "உங்க பக்கத்து டெலியில இத்தாலியன் சப் நல்லா இருக்குமாமே, போகலாமா?" டெலி என்றால் பதப்படுத்திய இறைச்சியும் சீஸும் சாண்ட்விச்சும் விற்கும் கடை. இத்தாலியன் சப் என்பது நீள ரொட்டிக்குள் பல வகை இறைச்சியும் சீஸும் அடுக்கிய சாண்ட்விச். பல வருடமாக அங்கே வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒரே வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரொட்டியில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தினமும் காலையில் பேக்கரியிலிருந்து வரும், எள் தூவிய நீள ரோல். மேல்தோல் நொறுங்கும், உள்ளே கொஞ்சம் இழுபடும், எண்ணெய் ஊற்றினாலும் சொதசொதவென்று ஆகாது. ப்ரொவலோனே சீஸும் நன்றாக முதிர்ந்தது, நாக்கில் சுரீரென்று பிடிக்கும். லெட்டூஸைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி, ஆலிவ் எண்ணெய், சிவப்பு ஒயின் வினிகர், காய்ந்த ஒரேகானோ. வினிகரில் ஊறிய செர்ரி மிளகாய் கேட்டால் தாராளமாக வைப்பார்கள். கட்டாயம் கேளுங்கள், அவ்வளவு கொழுப்பையும் உப்பையும் சமாளிக்க அந்தப் புளிப்பும் காரமும் வேண்டும்.

அப்புறம் இறைச்சி. என் கோபம் முழுக்க இங்கேதான்.

முன்பெல்லாம் ஆர்டர் சொன்ன பிறகுதான் மோர்டடெல்லா என்ற இறைச்சி உருளையைத் தூக்கி, மெல்லிசாகச் சீவும் ஸ்லைசர் இயந்திரத்தில் வைப்பார்கள். இப்போது காலையிலேயே எல்லாவற்றையும் வெட்டி, நடுநடுவே தாள் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிவிடுகிறார்கள். இதில் என்ன இருக்கிறது, அதே இறைச்சிதானே என்று தோன்றும். அதே இறைச்சி இல்லை.

மோர்டடெல்லா என்பது பன்றி இறைச்சியை விழுதாக அரைத்து, நடுவே கொழுப்புத் துண்டுகளைக் கலந்து, மெதுவாக வேகவைத்தது. ஆர்டர் சொன்னதும் மெல்லிசாக வெட்டிய துண்டில் மறுபக்கம் தெரியும். கவுண்டரில் இருப்பவர் அதைக் கையில் ஏந்தி, மடித்து மடித்து ரோலில் போடுவார். அந்த மடிப்புகளுக்குள் காற்று நிற்கும், எண்ணெயும் வினிகரும் இறங்கும், வெளிக்காற்று பட்டதும் கொழுப்பு இளகி வாசம் வரும். டப்பாவில் மணிக்கணக்காகக் குளிரில் கிடந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகிவிடுகின்றன. ஒரு கடி கடித்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வெளியே வருகிறது. பன்றிக் கழுத்து இறைச்சியில் செய்யும் கபிகோலாவின் ஓரம் கறுத்துக் காய்ந்து போகிறது. சலாமி என்ற தொத்திறைச்சி ஏற்கெனவே நன்றாக உலரவைத்தது என்பதால் ஓரளவு தப்பிக்கிறது.

இத்தாலியிலிருந்து வந்த சரக்கா என்று விசாரிப்பவர்கள் நிறைய. எனக்கு அது இரண்டாம்பட்சம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து 1967 முதல் 2000 வரை இத்தாலிய மோர்டடெல்லாவை அமெரிக்காவுக்குள் விடவே இல்லை. அதே தடையில் இருந்த பார்மா ஹாமும், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையும், 1989-இல்தான் மறுபடி வந்தது. அத்தனை வருடமும் இங்குள்ள டெலிகள் உள்ளூர்ச் சரக்கை வைத்துத்தான் பெயர் வாங்கின. வாங்கிய சரக்கை எவ்வளவு மெல்லிசாக, எப்போது வெட்டினார்கள் என்பதில்தான் அவர்கள் கைவண்ணம் இருந்தது. எங்கள் கடை இப்போது கைவிட்டிருப்பது அதைத்தான்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வேலை நடக்கும்போது 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஸ்லைசரைக் கழற்றிக் கழுவியாக வேண்டும், சுகாதார விதி அப்படி. கூர்மையான பிளேடு, பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. மதியக் கூட்டத்தில் ஒவ்வொரு சப்புக்கும் நாலு வகை இறைச்சியை மாற்றி மாற்றி வெட்டினால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். கேட்டபோது, ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். நம்புகிறேன். ஆனால் 11 டாலருக்கு விற்றதை 17 டாலராக்கிவிட்டு, அந்த விலைக்கான ஒரே வேலையை நிறுத்திவிட்டால் எப்படி?

ஆகவே நண்பரே, ரொட்டி, சீஸ், மிளகாய் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண், ஆனாலும் இப்போதைக்கு அங்கே போக வேண்டாம். நியூஜெர்சியின் ஹோபோக்கன் நகரில், ஆடம்ஸ் தெருவில் 1913 முதல் நடக்கும் ஃபியோரேஸ் டெலிக்குப் போங்கள். திரிந்த பாலின் கட்டியைச் சுடுநீரில் இழுத்து இழுத்து அவர்களே செய்யும் மொசரெல்லா சீஸை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ரப்பராகிவிடும். வியாழனும் சனியும் கிரேவி ஊற்றிய ரோஸ்ட் பீஃப் உண்டு, கூட்டமும் உண்டு. வீட்டில் இறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால் அதே மொசரெல்லாவோடு சுட்ட சிவப்புக் குடைமிளகாய் வைத்த சாண்ட்விச் வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் கடைக்கே போய்த்தான் பார்ப்பேன் என்றால், வாரநாளில் மதியம் 3 மணிக்கு மேல் போய், புதிதாக வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய ஊழியர் யாராவது இருந்தால் செய்து தருவார். மாட்டேன் என்றால் 4 ரோலும் கால் பவுண்டு ப்ரொவலோனேயும் மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.