லான்சரின் சத்தத்தை அடக்கிய கதை: மூன்று வருட அனுபவம்

என்னுடையது 1.8 லீற்றர் டர்போ லான்சர் ஜிஎஸ்ஆர் கார். எனக்கு முன் வைத்திருந்தவர் டர்போவிலிருந்து (புகையின் விசையில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) பின் பம்பர் வரை இரண்டரை அங்குலக் குழாய் இழுத்து, கடைசியில் பால்மா டின் அளவில் ஒரு சைலன்சரை ஒட்டியிருந்தார். கொழும்பில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நுவரெலியாவுக்குக் கீழே, நானுஓயாவில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மலையில் சத்தம் எப்படிப் போகும் என்று புரிந்தது. எதிர்மலை வளைவில் கியரைக் குறைத்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நாய்கள் மொத்தமும் குரைக்கும். அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பில் ரொட்டியைப் போடுவார். நான் வாசலுக்கு வரும்போது ரொட்டி தட்டில் இருக்கும். கிடைத்த லாபம் அது ஒன்றுதான். விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போகிற பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "தம்பி, ராவுல லேட்டானா காரை மேல் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாறியா?" என்று கேட்டார். சண்டை பிடித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கெஞ்சலாகக் கேட்டுவிட்டார்.

முதலில் சோம்பேறி வழியில் போனேன். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில், சைலன்சர் வாய்க்குள் செருகி ஒரு போல்ட்டில் இறுக்கும் அடைப்பு ஒன்று வாங்கினேன். நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சத்தம் குறைந்தது, காரும் செத்துப்போனது. சும்மா மனப்பிரமையோ என்று அளந்தும் பார்த்தேன். டர்போவுக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில், குழாய்க்குள் புகை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க, ஒரு பிரஷர் கேஜ். (ரப்பர் குழாயை நேராக மாட்டாதீர்கள், உருகிவிடும். நடுவில் ஒரு மீற்றர் செப்புக் குழாய் வேண்டும். இரண்டாவது ரப்பர் குழாய்க்குப் பிறகு கற்றுக்கொண்டேன்.) முழு த்ரொட்டிலில் 5500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை), அடைப்பு இல்லாமல் 2 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), அடைப்போடு 8. பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 3000இல் வந்த கார் 3500 தாண்டித்தான் மூச்சு விட்டது.

கீழ்நாட்டில் இது இவ்வளவு உறைத்திருக்காது. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே பூஸ்ட்டைத் தர டர்போ இங்கே இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். பின்னால் வாயைப் பொத்தினால் அது என்ன செய்யும்?

அப்புறம்தான் ஹட்டனில் ஒரு வெல்டிங் பாஸிடம் (கைதேர்ந்த வேலைக்காரர்) போனேன். அவர் சைலன்சரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல தம்பி, வெறும் டப்பா" என்றார். வெட்டிப் பார்த்தால் உண்மைதான். கண்ணாடிப் பஞ்சு முழுக்க எரிந்து பறந்துவிட்டிருந்தது. இந்த வகை சைலன்சரில் புகை துளையிட்ட குழாய்க்குள் நேராகப் போய்விடும். சத்தம் மட்டும் துளைகள் வழியே வெளிப்பக்கப் பஞ்சுக்குள் புகுந்து அங்கேயே வெப்பமாகக் கரையும். பஞ்சு போனால் எல்லாம் போச்சு. கம்பெனிச் சைலன்சர் போல அறை அறையாகத் தடுத்தாலும் சத்தம் அடங்கும், ஆனால் புகை திரும்பித் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

ஆகவே வகையை மாற்றவில்லை, அளவைத்தான் கூட்டினோம். நடுவில் 45 சென்டிமீற்றர் ரெசனேட்டர் (குழாயின் நடுவில் வரும் துணைச் சைலன்சர்), பின்னால் 50 சென்டிமீற்றர் நீள்வட்ட சைலன்சர். இரண்டிலும் உள்குழாய் அதே இரண்டரை அங்குலம். வாங்கும்போது ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். உள்ளே விரலால் தடவியும் பாருங்கள். துளைக்குப் பதில் செதில் செதிலாகத் தகடு உள்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம், அது காற்றை உரசும். பஞ்சுக்கு முன் உள்குழாயைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பளி ஒரு சுற்று. டர்போ சூட்டில் பஞ்சைக் காப்பது அதுதான். பழையவர் பிடுங்கிய கெட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) திரும்பப் போட்டேன். அதுவும் கொஞ்சம் சத்தத்தை விழுங்குகிறது. கேஜ் 2.5 பிஎஸ்ஐ காட்டியது. அந்த அரை பிஎஸ்ஐ எனக்கு ஓட்டத்தில் தெரியவில்லை.

வெளியே நல்ல அமைதி. உள்ளே மட்டும் ஒரு முனகல் மிச்சம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மூன்றாம் கியரில் ஏறும்போது 2700இல் வந்து உட்கார்ந்துகொள்ளும், பத்து நிமிடத்தில் தலை கனக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2700 என்றால் வினாடிக்கு 90. இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பஞ்சு பெரிதாகப் பிடிக்காது. அதற்கு ஒரு குருட்டுக் குழாய் வேண்டும். மெயின் குழாயில் ஒரு கிளை, மறுமுனை மூடியது, நீளம் அந்த ஒலி அலையின் கால்பங்கு. உள்ளே போன அலை முட்டித் திரும்பும்போது எதிர்மாறாக வந்து மெயின் ஒலியை அடித்துவிடும். புகை அதற்குள் ஓடுவதே இல்லை, அதனால் இழப்பும் இல்லை. சூட்டில் ஒலி வேகமாகப் போவதால் கணக்குத் துல்லியமாக வராது. நீளமாகப் போட்டு வெட்டிக்கொண்டே வர வேண்டும். 130 சென்டிமீற்றரில் தொடங்கினோம், அமைதி 2450இல் விழுந்தது. 118இல் சரியாக 2700. போன் செயலியில், சீட்டில் உட்கார்ந்தபடி, ஆரம்பத்தில் 86 டெசிபல், சைலன்சர்களுக்குப் பிறகு 77, இதற்குப் பிறகு 71. போன் அளவை நம்பாவிட்டாலும் வித்தியாசத்தை நம்பலாம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும். செய்ததிலேயே மலிவான வேலை இது, என் கணக்கில் மிகச் சிறந்ததும் இதுதான்.

இனி குறைகள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரும் பிறக்கிறது. ஜனவரிக் குளிரில் கடைக்கும் வீட்டுக்கும் ஓடினால் அது காய்வதில்லை. என் குருட்டுக் குழாயின் மூடிய முனை கீழ்நோக்கி இருந்தது, தண்ணீர் தேங்கி பதினெட்டு மாதத்தில் துருப்பிடித்து ஓட்டை. ஓட்டை விழுந்ததும் முனகல் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஸ்டெயின்லெஸ் குழாய், முனை சற்று மேல்நோக்கி. பின் சைலன்சரின் பஞ்சை இரண்டாம் வருடக் கடைசியில் மாற்றினேன். சத்தம் மெல்ல மெல்ல ஏறியதால் எனக்கே தெரியவில்லை, அந்த அக்காதான் சொன்னார். பின்மூடியை வெல்டு வைக்காமல் போல்ட்டில் மாட்டச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நீளமான சைலன்சர் தாழ்வாகத் தொங்குவதால் தோட்டத்துக் கல் ரோட்டில் இரண்டு முறை அடிபட்டு நசுங்கியும் இருக்கிறது. ரப்பர் தொங்கிகளைக் குட்டையானதாக மாற்றியிருக்கிறேன்.

அம்மாவுக்குத்தான் இதில் சம்மதம் இல்லை. கார் வருவது தெரியாததால் ரொட்டி ஆறிப்போகிறதாம். லிந்துலை தாண்டும்போது போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்.