பேபால் டிஸ்ப்யூட்: வீட்டிலிருந்து ஒன்றிரண்டு பொருள் விற்பவருக்கு எவ்வளவு பாதுகாப்பு?

பழைய கேமரா லென்ஸோ கிடாரோ கைக்கடிகாரமோ, முகம் தெரியாத ஒருவருக்கு விற்கிறோம். இணையவழிப் பணச் சேவையான பேபாலில் பணம் வருகிறது, பார்சல் போகிறது. இரண்டு வாரம் கழித்து, வாங்கியவர் புகார் எழுப்பியிருக்கிறார் என்று ஒரு மின்னஞ்சல். கணக்கைத் திறந்தால் அந்தத் தொகை முடக்கப்பட்டிருக்கிறது. பணத்தை வாங்கித் தருவது எந்தச் சேவைக்கும் எளிது; பஞ்சாயத்து வந்த பிறகு விற்றவரை எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். இந்த விமர்சனம் அந்த ஒரு பகுதியைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்சல் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி வந்தால் பேபால் விற்பவருக்கு உறுதியான துணை. பார்சலுக்குள் என்ன இருந்தது என்ற கேள்வி வந்தால் விற்பவர் கிட்டத்தட்டத் தனியாள். அதன் விற்பனையாளர் பாதுகாப்புத் திட்டம் இரண்டு வகைப் புகார்களுக்கு மட்டுமே பொருந்தும்: பொருள் வந்து சேரவில்லை என்பது ஒன்று, கணக்கின் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் பணம் அனுப்பப்பட்டது என்பது மற்றொன்று. சொன்னபடி பொருள் இல்லை என்ற புகாருக்கு அதில் இடமே இல்லை. இதை அறியாமல் ‘பேபால் பார்த்துக்கொள்ளும்’ என்று நம்பி விற்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

முதலில் கெடுக்கள். பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்குள் வாங்கியவர் டிஸ்ப்யூட், அதாவது முதல் கட்டப் புகார், எழுப்பலாம். இந்தக் கட்டத்தில் பேபால் தலையிடாது. இருவரும் அதன் பக்கத்திலேயே பேசிக்கொள்ள 20 நாள் உண்டு. அதற்குள் அவர் அதைக் கிளெய்ம் ஆக, அதாவது பேபாலே தீர்ப்புச் சொல்லும் வழக்காக, உயர்த்தாவிட்டால் வழக்கு தானாக மூடிவிடும், மறுபடி திறக்க முடியாது. உயர்த்திவிட்டால் முடிவு பேபால் கையில். அப்போது உங்களிடம் பதில் கேட்டு வழக்கமாக 10 நாள் தருவார்கள். சரியான கடைசித் தேதி வழக்கின் பக்கத்தில் இருக்கும். அந்தத் தேதி தாண்டினால், ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் வழக்கு வாங்கியவர் பக்கம் முடிந்துவிடும். ஊருக்குப் போயிருந்தோம், மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தது என்பதெல்லாம் எடுபடாது. பொருள் விற்ற பிறகு சில மாதங்களுக்கு வாரம் ஒருமுறையாவது பேபால் தளத்தில் புகார்களைக் காட்டும் ரெசல்யூஷன் சென்டர் பக்கத்தை நேரடியாகத் திறந்து பாருங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பைச் சொடுக்க வேண்டாம். பேபால் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்களுக்கு இதுதான் பிடித்தமான வேஷம்.

பொருள் வரவில்லை என்ற புகாரில் ஜெயிப்பது பெரும்பாலும் காகித வேலை. பேபால் கேட்பது டெலிவரிக்கான சான்று: கூரியரின் இணையப் பக்கத்தில் ‘டெலிவர்ட்’ என்ற நிலை, தேதி, குறைந்தது ஊர் அல்லது அஞ்சல் குறியீடு அளவுக்காவது முகவரி. மொத்தத் தொகை 750 அமெரிக்க டாலரோ அதற்கு மேலோ என்றால் கையெழுத்து வாங்கியதற்கான சான்றும் வேண்டும். மற்ற நாணயங்களுக்குத் தனித்தனி வரம்பு உண்டு. டிராக்கிங் இல்லாத சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு ரசீதை மட்டும் காட்டினால், இந்தப் புகாருக்கு அது போதாது. டெலிவரி ஆன அன்றே கூரியர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சில மாதங்களில் பல கூரியர் தளங்களில் பழைய எண்கள் காட்டாமல் போய்விடும். புகார் ஐந்தாவது மாதத்தில் வந்தால் தேடிப் பயனில்லை.

முகவரியில்தான் நிறையப் பேர் பாதுகாப்பை இழக்கிறார்கள். பரிவர்த்தனை விவரப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். ‘அது பழைய வீடு, இந்த முகவரிக்கு அனுப்புங்களேன்’ என்று வாங்குபவர் அன்பாகக் கேட்பார். கேட்டதற்கு இணங்கினால், அவரே எழுதிய மின்னஞ்சல் கையில் இருந்தாலும், பாதுகாப்பு போய்விடும். சரியான வழி: முழுப் பணத்தையும் ரீஃபண்ட் செய்து, புதிய முகவரியுடன் திரும்பச் செலுத்தச் சொல்வது. பார்சல் கிளம்பிய பிறகு வழியில் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டாலும் இதே கதிதான். அதனால் வாங்குபவர் ஏற்பாடு செய்யும் கூரியரையோ அவர் அனுப்பித் தரும் லேபிளையோ ஏற்காதீர்கள். நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன், பணம் மட்டும் பேபாலில் அனுப்புகிறேன் என்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். கையில் கொடுத்த பொருளுக்கு டிராக்கிங் எண் கிடையாது. நாளைக்கு அவர் ‘வரவில்லை’ என்றால் காட்ட ஒன்றுமில்லை. நேரில் என்றால் ரொக்கம்தான் சரி.

பதில் எழுதும்போது கோபத்தை ஒதுக்கிவையுங்கள். ‘இவர் பொய் சொல்கிறார், இப்படிப்பட்டவர்களைத் தடை செய்யுங்கள்’ என்று ஒரு பக்கம் எழுதினாலும் படிப்பவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒரு தகவலும் கிடைக்காது. வேண்டியது இப்படி நாலு வரி:

“பொருள்: 50 மி.மீ. லென்ஸ், சீரியல் எண் 4471 என்று முடிவது. பணம் வந்தது மார்ச் 3. பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு மார்ச் 4 அன்று அனுப்பப்பட்டது. ரசீதில் எடை 640 கிராம், இணைப்பு 1. டெலிவரி ஆனது மார்ச் 9, கையெழுத்துடன், இணைப்பு 2.”

தேதி, எண், இணைப்பு. டிராக்கிங் எண்ணை அதற்குரிய கட்டத்தில் தனியாக இடுங்கள், கூரியர் பெயரையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். எண்ணை விளக்கத்துக்குள் புதைத்துவிட்டு, கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அனுமதியில்லாத பணம் என்ற வகையில் விற்பவர் நிலை இன்னும் கொஞ்சம் மேல். யாரோ ஒருவருடைய கணக்கைத் திருடி உங்களிடம் வாங்கியிருக்கிறார்கள். உண்மையான சொந்தக்காரர் பணத்தைக் கேட்கிறார். சரியான முகவரிக்கு அனுப்பியதற்கான சான்று இருந்தால் இழப்பைப் பேபால் ஏற்றுக்கொள்ளும். இந்த வகைக்கு டெலிவரி ஆகியிருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை, அனுப்பிய சான்றே போதும்.

இனி சிக்கலான வகை. சொன்னபடி பொருள் இல்லை என்ற புகாரில் பேபால் விதிகள் எதை ஏற்கும், எதை ஏற்காது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை விளம்பரம் எழுதும்போதே முடிந்துவிடும். முற்றிலும் வேறு பொருள், பழையதைப் புதிது என்று விற்றது, முக்கிய பாகம் இல்லாதது, போலி, வழியில் உடைந்தது எல்லாம் புகாருக்குத் தகுதியானவை. உடைந்ததற்குக் கூரியர்தானே காரணம் என்பது பேபாலிடம் செல்லாது. அதை நீங்கள் கூரியரிடம் காப்பீட்டில்தான் கேட்க வேண்டும். குறையை விளம்பரத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தால், அல்லது வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டால், அல்லது பயன்படுத்தியது என்று விற்ற பொருளில் சிறு கீறல் இருந்தால், அது தகுதியான புகார் அல்ல.

ஆகவே ‘நல்ல கண்டிஷன், சூப்பரா வேலை செய்யுது’ என்று எழுதுவது உங்கள் கழுத்துக்கு நீங்களே மாட்டும் சுருக்கு. ‘பின்மூடியில் 2 செ.மீ. கீறல், மூன்றாவது படத்தில் பார்க்கலாம். ஆட்டோஃபோகஸ் வேலை செய்கிறது. உறையும் பெட்டியும் இல்லை’ என்று எழுதுங்கள். குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். விற்றவுடன் அந்த விளம்பரப் பக்கத்தை முழுதாகப் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், பல தளங்களில் விற்ற பொருளின் பக்கம் மறைந்துவிடும். பொதியும்போது சீரியல் எண் தெரியும்படி ஒரு படம், பெட்டிக்குள் பொருள் இருக்கும்படி ஒன்று, ஒட்டி மூடிய பெட்டியைத் தராசில் வைத்து எண் தெரிய ஒன்று. வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. பிறகு அதிலிருந்து நிலைப்படங்களை எடுத்து ஆவணமாக ஏற்றலாம். இந்த எடைதான் பின்னால் கைகொடுக்கும். நீங்கள் எடுத்த படத்தை யாரும் சந்தேகிக்கலாம். கூரியர் ரசீதில் அச்சான எடையை அப்படித் தள்ளிவிட முடியாது.

இவ்வளவும் செய்தாலும் வெற்றி நிச்சயம் என்று சொல்ல முடியாது. பேபால் பெரும்பாலும் சொல்லும் முடிவு: வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பட்டும், வந்து சேர்ந்ததும் பணம் திரும்பட்டும். அனுப்பும் செலவு வழக்கமாக வாங்கியவருடையது, டிராக்கிங் எண்ணும் அவர் தர வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியைக் கெடுவுக்குள் பக்கத்தில் பதிவதும், வரும் பார்சலை வாங்கிக்கொள்வதும். வீம்புக்கு வாங்க மறுத்தால் வழக்கு அங்கேயே போய்விடும். பொருளும் பணமும் சேர்ந்து போகலாம். போலி என்ற புகாரில் நிலைமை இன்னும் மோசம். போலி என்று பேபால் முடிவு செய்தால், திருப்பி அனுப்பச் சொல்லாமல் அழித்துவிடச் சொல்லவும் அதன் விதிகள் இடம் தருகின்றன. விலையுயர்ந்த பிராண்ட் பொருளை வாங்கிய ரசீது இல்லாமல் இந்த வழியில் விற்காமல் இருப்பதே நல்லது.

சமாதானமாகப் போகலாம் என்றால், டிஸ்ப்யூட் பக்கத்திலேயே அதைச் செய்யுங்கள். பகுதி ரீஃபண்ட் என்ற சலுகையை அங்கே முன்வைத்து அவர் ஏற்றால் வழக்கு மூடிவிடும். வாட்ஸ்அப்பில் பேசி, தனியாக ஒரு புதிய பேமென்ட் ஆக அனுப்பினால், அது வேறு பரிவர்த்தனை. வழக்கு அப்படியே திறந்திருக்கும், முழுத்தொகையும் மறுபடி போகும் அபாயம் உண்டு. முழு ரீஃபண்ட் என்றாலும் மூலப் பரிவர்த்தனையில் உள்ள ரீஃபண்ட் பொத்தான் வழியாகத்தான். விற்றபோது பிடித்த கட்டணம் 2019-இல் வந்த விதி மாற்றத்துக்குப் பின் திரும்பக் கிடைப்பதில்லை. தவறே இல்லாத விற்பவரும் அந்தச் சில்லறையை இழக்கிறார் என்பது இந்தச் சேவையின் மீது நியாயமான குறை.

சார்ஜ்பேக் வேறு உலகம். வாங்கியவர் பேபாலிடம் போகாமல், கார்டு கொடுத்த வங்கியிடம் போய்ப் பணத்தைத் திருப்பக் கேட்கிறார். முடிவு வங்கியுடையது, பேபால் உங்கள் ஆதாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தூதர். மாதக்கணக்கிலும் இழுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, எதற்காகப் பணம் கேட்கிறார் என்பதைச் சொல்லும் காரணக் குறியீடு. விசா கார்டில் 13.1 என்றால் பொருள் வரவில்லை, 13.3 என்றால் சொன்னபடி இல்லை, 10.4 என்றால் கார்டு நேரில் இல்லாத மோசடி. 13.3-க்கு டெலிவரி சான்றை மட்டும் அனுப்புவது கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல. பொருள் வந்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே வேண்டியது விளம்பரத்தின் பிடிஎஃப், படங்கள், உரையாடல். விசாவில் 120 நாள் என்ற கெடு, வராத பொருளுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணப்படும். பேபாலில் தோற்றவர் வங்கிக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. ஒரு வழக்கில் ஜெயித்தவுடன் கோப்புகளை அழித்துவிடாமல் ஓராண்டாவது வையுங்கள்.

விற்பனைக்கு அல்லாமல் தெரிந்தவர்களுக்குப் பணம் அனுப்பப் பேபாலில் இருக்கும் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வகையில் பணம் வாங்கினால் டிஸ்ப்யூட்டே வராது என்று ஒரு யோசனை உலவுகிறது. பொருள் விற்க அந்த வகையைக் கேட்பது பேபால் விதிக்கு எதிரானது, கணக்கே முடங்கலாம். அதோடு, அவர் கார்டிலிருந்து செலுத்தியிருந்தால் சார்ஜ்பேக் வழி அப்போதும் திறந்துதான் இருக்கும். உங்களுக்குத்தான் பாதுகாப்பு ஒன்றும் இருக்காது.

கிளெய்மில் தோற்றால் முடிவு வந்த 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் பழைய வாதத்தைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை, புதிதாக ஏதாவது வேண்டும். திரும்பி வந்த பெட்டியில் செங்கல் இருந்தது, காலி உறை வந்தது, வேறு சீரியல் எண் கொண்ட பொருள் வந்தது போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள். அதனால் திரும்பி வரும் பார்சலைக் கூரியர் ஆள் நிற்கும்போதே தராசில் வையுங்கள். லேபிளில் 180 கிராம் என்று இருக்கிறது, நீங்கள் அனுப்பியது 640 கிராம் என்றால், பிரிப்பதற்கு முன்பே அந்த லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து, அதன் பிறகு வீடியோ ஓட ஓடப் பிரியுங்கள். காவல் நிலையப் புகார் நகலைப் பேபால் கேட்கக்கூடும் என்பதால், நிலையத்தில் புகாரையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.