குடும்ப மரத்தை போன்ல காட்டுறது: சில வருஷப் பாவனைக்கு அப்புறம்

இலங்கையில பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்குற எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு வம்சாவளிப் பக்கம் இருக்கு, அதை நான்தான் பாத்துக்கிட்டு வர்றேன். இந்தியாவுல இருந்து வந்த தலைமுறையில தொடங்கி இப்ப கொழும்புல கடையில நிக்கிற பிள்ளைங்க வரைக்கும் ஆறு ஏழு தலைமுறை. இதைக் காட்ட பல வழி ஓட்டிப் பாத்தாச்சு. போன்ல பாக்குற சனத்துக்கு கிளை கிளையா வரைஞ்ச படம் சரிவராது, தொட்டா திறக்குற லிஸ்ட்தான் நிக்குது.

முதல்ல இருந்தது டி3, வெப் பக்கத்துல படம் வரையிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அதுல மரப் படத்தை அடுக்குற ட்ரீ லேஅவுட்டுக்கு அடிப்படை ரெய்ன்கோல்டும் டில்ஃபோர்டும் 1981ல எழுதின முறை, கம்ப்யூட்டர்ல பாத்தா உண்மையிலேயே அழகு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்ம பழைய ஆளுங்களுக்கு ஏழு எட்டுப் பிள்ளைங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு அஞ்சாறு, அப்போ மூணாவது தலைமுறையிலேயே படம் பக்கவாட்டுல ஓடிப்போயிடும், விரலால தள்ளித் தள்ளி யார் யாருக்கு மகன்னே தெரியாமப் போயிடும். அதோட டி3 வரையிற எஸ்விஜிங்கிற பட வடிவத்துல எழுத்து தானா அடுத்த வரிக்கு மடங்காது, முத்துக்கருப்பன், அங்கம்மாள்னு நம்ம நீளப் பேருங்க பக்கத்துப் பேர் மேல ஏறி உக்காந்துக்கும். நடுவுல ஜேஎஸ்ட்ரீங்கிற இன்னொரு லைப்ரரியும் ஓடிச்சு, ஃபோல்டர் லிஸ்ட் மாதிரி வேலைக்கு நல்லது, ஆனா அதுக்கு ஜேகுவெரிங்கிற வேற லைப்ரரியையும் சேத்து இறக்கணும்.

இப்ப இருக்கிறது சாதாரண எச்டிஎம்எல்தான்: லிஸ்ட் போடுற யூஎல், எல்ஐ, அதுக்குள்ள தொட்டா திறக்குற டீடெய்ல்ஸ், அதோட தலைப்பு வரியான சம்மரி, அவ்வளவுதான். டீடெய்ல்ஸ் 2020 ஜனவரியில எட்ஜ் 79 வந்ததுல இருந்து பெரிய பிரவுசர் எல்லாத்துலயும் வேலை செய்யுது. திறக்க மூட ஜாவாஸ்கிரிப்டே வேணாம், மழைக்கு சிக்னல் ஒரு கோட்டுல நிக்கிற நேரத்துலயும் பக்கம் ஒருக்கா இறங்கிட்டா போதும், அதுக்கப்புறம் டேட்டா போகாது. உள்ள தள்ளுற அளவை மட்டும் கவனிக்கணும், 360 பிக்சல் அகலப் போன்ல தலைமுறைக்கு 24 பிக்சல்னு தள்ளினா ஆறாவது தலைமுறைக்கு 144 போயிடுது, பேர் எல்லாம் ரெண்டா மூணா மடங்குது. 12 வச்சு இடப்பக்கம் மெல்லிசா ஒரு கோடு போட்டா கண்ணு தானா பிடிச்சுக்கும். இன்னொரு நல்ல விஷயம், குரோம் 97ல இருந்து பக்கத்துக்குள்ள பேரைத் தேடினா மூடியிருக்குற கிளையும் தானா திறந்து காட்டுது.

கீழ்க்கணக்குல, அதாவது தோட்டத்தோட கீழ் டிவிசன்ல, ஒரு அப்பாயி, பேரனோட போனை வாங்கி அந்தச் சின்ன முக்கோணத்தைத் தொட்டுத் தொட்டு அவங்க அண்ணன் கிளை வரைக்கும் தானா போயிட்டாங்க. அந்த அண்ணன், தோட்டத்து ஆளுங்கள்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப வச்ச 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் குடும்பத்தோட தமிழ்நாட்டுக் கோத்தகிரி போனவரு. "இந்தப் பொடியன் யாரு, அண்ணன் பேரனா"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே அந்தக் கிளைகளுக்கு எல்லாம் இந்தியா போனவங்கன்னு பேருக்குப் பக்கத்துல எழுத்தாவே போட்டுட்டேன், கலரை வச்சுக் காட்டினா வயசானவங்களுக்குப் பிடிபடாது.

பெரிய தலைவலி எதுன்னா, குடும்ப மரம்னு சொல்றோமே தவிர நம்ம ஆளுங்களோடது மரமே இல்ல. மாமன் மகளைக் கட்டுறோம், அத்தை மகனைக் கட்டுறோம், அப்போ ஒரே பிள்ளை அப்பா வழியாவும் வருது, அம்மா வழியாவும் அதே தாத்தாவுக்குக் கீழ வருது. டேட்டாபேஸ்ல பெத்தவங்களைக் குறிக்க பேரன்ட் ஐடின்னு ஒரே ஒரு பத்தி (column) வச்சு எழுதுற எந்த உதாரணமும் இங்க ஒத்து வராது, அப்பா ஐடி, அம்மா ஐடி ரெண்டும் தனித்தனியா வேணும். மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸ்ல, தலைமுறை தலைமுறையா கீழ இறங்கித் தேடுற வித் ரிகர்சிவ் போட்டு இறங்கினா அந்தப் பிள்ளையும் அதுக்குக் கீழ இருக்குற அத்தனை பேரும் ரெண்டு தடவை வருவாங்க, ரெண்டு தலைமுறை தொடர்ந்து அப்படிக் கட்டியிருந்தா நாலு தடவை. அதனால ஏற்கனவே காட்டின ஆளுங்க ஐடியை எல்லாம் ஒரு தனி லிஸ்ட்ல குறிச்சு வச்சுக்கிட்டு, ரெண்டாவது தடவை வந்தா பேரை மட்டும் காட்டி "பிள்ளைங்க அப்பா வழியில"ன்னு லிங்க் குடுக்குறேன். லிங்க்கைத் தொட்டா போற இடத்துக்கு மேல இருக்குற டீடெய்ல்ஸ் ஒவ்வொண்ணையும் திறந்துக்கிட்டே போற மாதிரி நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட், அது இல்லாட்டி எல்லா பிரவுசர்லயும் சரியா வரும்னு நம்ப முடியாது. பேரை வச்சு ஆளை அடையாளம் பிடிக்கவே கூடாது, தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்துல ஒரே கிளையில மூணு பெருமாள் இருக்காங்க, அதுக்குத்தான் ஒவ்வொரு பேரோடவும் அவங்க இருந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), டிவிசன் சேத்து எழுதுறோம்.

திருவிழாவுக்கு வர்றப்ப பேப்பர்ல கேக்குறவங்களும் இருக்காங்க. மூடியிருக்குற டீடெய்ல்ஸ் பிரிண்ட்லயும் மூடியேதான் வரும், உள்ள இருக்குற ஆளுங்க பேப்பர்ல இருக்க மாட்டாங்க. பிரிண்ட் ஆகுறதுக்கு முன்னாடி பிரவுசர் குடுக்குற பிஃபோர்பிரிண்ட் ஈவன்ட்ல எல்லாத்தையும் திறந்து, முடிஞ்சதும் வர்ற ஆஃப்டர்பிரிண்ட்ல பழையபடி மூடிடணும். சுவத்துல ஒட்டுற பெரிய ஷீட் வேணும்னா அதுக்கு மட்டும் இன்னும் டி3தான், அந்த அகலம் அங்க பிரச்சினையில்ல.