மத்தான்யா: ஸ்லூத்யான்கா – போர்ட் பைக்கால் உள்ளூர் ரயில் எப்படி?

பைக்கால் ஏரியின் தென்மேற்கு முனையில் இருக்கும் ஸ்லூத்யான்காவிலிருந்து போர்ட் பைக்கால் வரை ஓடும் ரயிலை அந்தப் பக்கத்து மக்கள் செல்லமாக மத்தான்யா என்கிறார்கள். ஒரு டீசல் எஞ்சின், பின்னால் ஓரிரு பெட்டிகள், சுமார் 90 கிலோமீட்டர். போய்ச் சேர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். சுற்றுலா ரயில் என்று நினைத்து ஏறினால் கடுப்பாகும். இது கரையோரச் சிற்றூர்களுக்கு மூட்டை முடிச்சும் ஆளும் ஏற்றிப்போகும் வண்டி. அப்படிப் பார்த்தால் கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல பயணம் சைபீரியாவில் கிடைப்பது அரிது.

இந்த ஆமை வேகத்துக்குக் காரணம் பாதையின் வரலாறு. இர்குட்ஸ்க் நகரிலிருந்து அங்காரா நதிக்கரையோரமாக வந்த ரயில் முன்பு போர்ட் பைக்காலில் முடிந்தது. அங்கிருந்து பெட்டிகளைப் பனி உடைக்கும் கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய 73 கிலோமீட்டர் நீரைக் கடந்து ஏரியின் மறுகரையில் உள்ள மிசோவயாவில் இறக்கினார்கள். ரஷ்ய–ஜப்பானியப் போர் மூண்ட 1904 குளிர்காலத்தில் கப்பலும் கைகொடுக்கவில்லை. உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டுப் பெட்டிகளைக் குதிரைகளால் இழுத்தார்கள். அந்த நெருக்கடியில்தான் கரையோரப் பாறையைக் குடைந்து பாதையை அவசரமாக முடித்தார்கள். 1905இல் முறையான போக்குவரத்து தொடங்கியது. மத்தான்யா ஓடும் பகுதியில் மட்டும் 38 சுரங்கப்பாதைகள். மிக நீளமானது வழியில் பலவின்னயா என்ற இடத்தருகே, 777 மீட்டர்.

பிறகு வந்தது சரிவு. இர்குட்ஸ்கிலிருந்து மலைக்கணவாய் வழியாக நேரே ஸ்லூத்யான்காவுக்கு இறங்கும் புதுப் பாதை 1949இல் திறந்தது. 1956இல் இர்குட்ஸ்க் அணையின் நீர்த்தேக்கம் அங்காராக் கரைப் பாதையை மூழ்கடித்தது. பெருவழியில் இருந்த போர்ட் பைக்கால் முட்டுச்சந்தாகிவிட்டது. ரயில், படகுத்துறை, சுற்றுலா விடுதி தவிர அங்கே சொல்லிக்கொள்ளும்படி பிழைப்பு இல்லை. கிலோமீட்டர் கற்களைக் கவனியுங்கள்: போர்ட் பைக்காலில் எண்ணிக்கை 72இல் தொடங்குகிறது. முதல் கற்கள் நின்ற பழைய பாதை நீருக்கடியில் போய்விட்டது, எண்கள் மட்டும் மாறவில்லை.

அதே மாற்றத்தால் பிழைத்த ஊர் ஸ்லூத்யான்கா. ரஷ்ய மொழியில் ஸ்லூதா என்றால் மைக்கா (அபிரகம்). பெயரே மைக்கா வெட்டிய சுரங்கத்தால் வந்தது. மைக்கா ஓய்ந்த பின்னும் பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் வெட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கணவாயில் ஏறும் கனத்த சரக்கு ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ள உதவி எஞ்சின்கள் வேண்டும். மேடு இருக்கும்வரை எஞ்சின் பணிமனைக்கு வேலை இருக்கும். உள்ளூர்ப் பளிங்கில் கட்டிய ரயில் நிலையத்தைப் பார்க்காமல் வண்டி ஏறாதீர்கள், அரை மணி நேரம் போதும்.

இனிச் செய்ய வேண்டியவை. மத்தான்யா தினமும் ஓடாது. வாரத்தில் சில நாட்கள்தான், அட்டவணையும் பருவத்துக்கு ஏற்ப மாறும். முந்தைய நாளே நிலையத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். 2018 ஆகஸ்ட் முதல் ரஷ்ய ரயில் சீட்டுகளில் உள்ளூர் நேரம்தான் அச்சாகிறது. பழைய வழிகாட்டிகளில் இருப்பது மாஸ்கோ நேரம், இர்குட்ஸ்க் பகுதி அதைவிட ஐந்து மணி முன்னால். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ரயிலைத் தவறவிடுகிறார்கள்.

ஸ்லூத்யான்காவில் ஏறினால் வலப்பக்க ஜன்னல். ஏரி கடைசிவரை அந்தப் பக்கமே. திரும்பி வருகையில் இடப்பக்கம். மறுபக்கம் உட்கார்ந்தவருக்குப் பாறைச் சுவர்தான், அதிலும் இத்தாலியக் கொத்தர்கள் கட்டிய தாங்குசுவர் பார்க்கத் தக்கதே. உணவுப் பெட்டி கிடையாது. தண்ணீர், ரொட்டி, கைவிளக்கு மூன்றும் பையில் இருக்கட்டும். டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும், பாதிப் பயணம் கறுப்புக் கண்ணாடிதான். ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை போவது உசிதம்.

நடைமேடையில் புகையூட்டிய ஓமுல் மீன் மணத்தால் யாருக்கும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் 2017 அக்டோபர் முதல் ஓமுலை வணிகமாகப் பிடிக்கத் தடை வந்தது. மலிவாக, கேள்வி கேட்காமல் தருபவரிடம் வாங்காதீர்கள்.

மிகப் பெரிய குறை முடிவில்தான். போர்ட் பைக்காலிலிருந்து அங்காராவின் மறுகரையில் உள்ள லிஸ்த்வியான்காவுக்குப் படகில்தான் போக வேண்டும்; ஊருக்கு முறையான சாலை இல்லை. ரயிலும் கடைசிப் படகும் ஒத்துப்போகாத நாட்கள் உண்டு. வண்டி தாமதமானால் படகு காத்திருக்காது. ஆகவே இரவு தங்க அறையை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு ஏறுங்கள், இல்லையேல் பகலில் ஓடும் சுற்றுலா விரைவு ரயிலுக்கு அதிகம் கொடுங்கள். ஐந்துக்கு நான்கு, அந்த ஒரு மதிப்பெண் படகுத்துறையில் போனது.