சாக்ஸ் மெஷின் வாங்கப் போகிறீர்களா? குதிகால் பின்னிக் காட்டச் சொல்லுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். "வீட்டிலிருந்தே சாக்ஸ் பின்னுங்க, பின்னினதை நாங்களே வாங்கிக்கறோம்" என்று சொல்லி, கையால் சுற்றும் வட்டப் பின்னல் மெஷினை விற்கிறார்கள். நான் 32,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர்கள் பெயர் போடவில்லை.

சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் வைத்துக் காட்டினார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஊசிகள் வட்டமாக நிற்கும் சிலிண்டருக்கு அடியில் துணி குழாயாக இறங்கி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் குழாய் சாக்ஸ் ஆகிவிடாதே! குதிகாலுக்கு முழுச் சுற்று சுற்றக் கூடாது. பாதி ஊசிகளை மேலே தூக்கி ஒதுக்கிவிட்டு, மீதிப் பாதியில் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். வரிக்கு ஒரு ஓரத்து ஊசியாகத் தூக்கிக்கொண்டே போய், நடுவில் கொஞ்சம் மிஞ்சியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்க வேண்டும். திசை திரும்பும்போதெல்லாம் நூல் தொய்யும். அதை மேலே இழுத்துக்கொள்ள ஒரு ஸ்பிரிங் வேண்டும், துணியைக் கீழே இழுக்க எடை வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் கண்ணி (ஊசியில் மாட்டிய நூல் வளையம்) நழுவி ஓட்டை விழும். "அதெல்லாம் டிரெய்னிங்ல வந்துடும்க்கா" என்றார் விற்றவர். டிரெய்னிங்கிலும் குழாய்தான் வந்தது.

வீட்டுக்கு வந்த மெஷின் பழசு, மேலே புதுப் பெயின்ட். ஊசிகளை உருவிப் பார்த்தால் இரண்டு விதம் கலந்திருந்தது, உயரமே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இந்த ஊசியின் உயிரே கொக்கியைத் திறந்து மூடும் சின்ன நாக்குதான். விரலால் தள்ளினால் தானாக விழ வேண்டும். என் மெஷினில் பல ஊசிகளில் நாக்கு துருப்பிடித்துப் பாதியில் நின்றது, சிலதில் வளைந்தே இருந்தது. நாக்கு மூடாவிட்டால் பழைய கண்ணி கொக்கிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய கூத்து ரிப் டயல். கணுக்காலுக்கு மேலே இறுக்கிப் பிடிக்கிற வரிவரியான பட்டையைப் பின்ன, சிலிண்டர் மேல் உட்காரும் வட்டத் தட்டு அது. என் சிலிண்டரில் 72 காடி, அதாவது ஊசி உட்காரும் பள்ளம். ஒன்று விட்டு ஒன்று ரிப் போட டயலில் 36 காடி இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 30! வேறு ஏதோ மெஷினின் டயலைக் கொண்டுவந்து தலையில் வைத்திருக்கிறார்கள். போன் செய்து கேட்டால், "எலாஸ்டிக் வெச்சுத் தைச்சுக்கோங்க" என்கிறார். அதற்கு எனக்கு எதற்கு டயல்?

கூடக் கொடுத்த நூல் தடிமனான, விறைத்த காட்டன் கோன். 72 காடி மெஷினுக்கு மெல்லிசாக, இழுத்தால் இழுபடுகிற சாக்ஸ் நூல்தான் சரிவரும். தடித்த நூல் போட்டால் கைப்பிடி கனக்கும், பலவந்தமாகச் சுற்றினால் ஊசி போகும்.

அப்புறம் அந்த 'வாங்கிக்கறோம்'. பின்னிக் கொண்டுபோனதை "லூஸா இருக்கு" என்று திருப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில், தரம் பற்றி அவர்கள் முடிவே இறுதி என்று இருக்கிறது. இது புது வித்தையும் இல்லை. 1920களிலேயே அமெரிக்காவில் இதே மாதிரி மெஷினை, பின்னினதை வாங்கிக்கொள்வதாகப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு விற்றிருக்கிறார்கள்.

மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல ஊசியும் பொருந்துகிற டயலும் இருந்தால் பழசும் ஓடும். வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் ஒரு முழு சாக்ஸை, குதிகாலோடு, அதே மெஷினில் பின்னச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். "தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று என்னை மிரட்டினார்கள். பொய். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்றவர் இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பில், வாட்ஸாப் விளம்பரம், பேசிய மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இதே மாடி அறையில் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், உங்கள் சிலிண்டரிலும் டயலிலும் எத்தனை காடி என்று எண்ணிச் சொல்லுங்கள். என் 36 காடி டயல் உங்களில் ஒருவரிடம்கூட இருக்கலாம்.