பழைய ஏஸ் 250ஆ, புது மல்டி ஃப்ரீக்வென்சியா? திருவொற்றியூர் மணலில் ஒரு வருஷம்

மணலில் புதைந்த உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டும் மெட்டல் டிடெக்டரைப் பற்றிய பேச்சு இது. என்னிடம் இருப்பது காரெட் ஏஸ் 250, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மச்சானிடம் இருப்பது புது மல்டி ஃப்ரீக்வென்சி டிடெக்டர், ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் தேடுவது. அதன் பெயர் வேண்டாம், அதற்கு நேர்ந்ததைச் சொல்லப் போகிறேன். ஞாயிறு காலைகளில் தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே மணல் சேர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து இரண்டையும் மாற்றி மாற்றி ஆட்டியிருக்கிறோம். நான் பழையதன் கட்சி, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எடை, திரை, பார்வைக்கு மிடுக்கு எல்லாம் புதியதுதான். அலை நனைக்கும் மணலிலும் அதுவே ராஜா. உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். ஏஸ் 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் ஓடுவது, மண்ணின் தன்மைக்கேற்ப மிஷினைச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸை நாம் மாற்றவும் முடியாது. ஈர மணலில் காயிலை, அதாவது தண்டின் அடியில் இருக்கும் தேடும் தட்டை, கொஞ்சம் தூக்கி இறக்கினாலே கத்தும். சென்சிடிவிட்டியை எட்டுக் கட்டத்திலிருந்து நாலுக்கு இறக்கினால் அடங்கும், கூடவே ஆழமும் போய்விடும்.

காய்ந்த மணலில் கதை வேறு. ஆரம்பத்தில் காயின்ஸ் மோடில் போட்டு மாசக்கணக்கில் ஏமாந்தேன். அந்த மோடு அமெரிக்கக் காசை மனதில் வைத்துச் செய்தது, இரும்பையும் ஃபாயிலையும் ஒதுக்கிவிடும். நம்ம ஒரு ரூபாயோ 1992 முதல் ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். டிடெக்டர் அதைப் பல நேரம் ஆணி என்றே நினைக்கிறது. மெல்லிய தங்க மோதிரம் திரையில் சிகரெட் ஃபாயில் விழும் கட்டத்திலேயே விழும். குப்பையை வடிகட்டினால் மோதிரமும் சேர்ந்து போச்சு. ஆகவே எதையும் ஒதுக்காத ஆல் மெட்டல் மோடு, காதில் ஹெட்ஃபோன், மெதுவான வீச்சு, சத்தம் வந்த இடமெல்லாம் தோண்டு. இப்படித் தோண்டுகிறவனுக்கு, கீழே கிடப்பது இன்ன உலோகம் என்று ஊகித்துப் புது மிஷின் காட்டும் நம்பரால் பெரிய லாபமில்லை.

மாசி மகத்துக்கு மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி, மெட்டி ஒண்ணு மணல்ல விழுந்துடுச்சுப்பா” என்று கூட்டிப்போனார். வெள்ளியாச்சே, மணி அடித்த மாதிரி சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மெட்டிக்கு வாய் திறந்திருக்கும், அதில் மின்சாரம் முழு வட்டமாகச் சுற்றாது, அதனால் மூடிய மோதிரத்தைவிடத் தாழ்வாகவே காட்டும். மந்தமான நடு சத்தம் ஒன்று கேட்டது. நாலு விரல் ஆழத்தில், கறுப்பு மணல் அப்பிக்கொண்டு கிடந்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது பேட்டரி. ஏஸுக்கு நாலு பென்சில் செல் போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், ரீசார்ஜபிள் போட்டாலும் ஓடும். மச்சானுடையதில் லித்தியம் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். பதினோராவது மாதம் சார்ஜ் ஏறவில்லை, சார்ஜிங் பின்னில் பச்சை பூத்திருந்தது. கூரியரில் வெளியூர் சர்வீஸுக்குப் போய் வர ஆறு வாரம். இடையில் விற்றுவிடலாம் என்று பார்த்தார். விசாரித்த இருவரும் முதலில் கேட்டது, “பேட்டரி எப்படி சார்?” ஏஸை விற்கிறவனிடம் யாரும் இதைக் கேட்கப் போவதில்லை. உப்புக்காற்று ஊரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பழையதற்கும் கவனிப்பு வேண்டும். காயில் நனையலாம், கன்ட்ரோல் பாக்ஸ் நனையக் கூடாது. நான் பாலித்தீன் கவர் கட்டுகிறேன். காயில் கவருக்குள் கறுப்பு மணல் தங்கினால் வீண் சத்தம் வரும், கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கேபிள் தொளதொளவென்று ஆடினாலும் பொய்ச் சத்தம்தான், தண்டில் இறுக்கிச் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் செல்லைக் கழற்றுங்கள், ஒழுகினால் உள்ளே அரித்துவிடும்.

தண்ணீருக்குள் இறங்கி நான் தேடியதில்லை, அந்த ஆசை உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். “புதையல் கிடைச்சுதா?” என்று கேட்பவர்களுக்கு: மண்ணில் மறைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம்.

மச்சானுடையது சரியாகி வந்துவிட்டது. இப்போது அவர் அலையோரம், நான் மேல்மணல். போன ஞாயிறு அவருக்கு ஒரு ஈயக் குண்டு, எனக்குப் பதினேழு ரூபாய் சில்லறை.