எண்ணெயா, சூடா, அடியா? கழற மறுக்கும் போல்ட்டுக்கு எது சரி

கடலோரத்தில் போல்ட் துருப்பிடிக்க உப்புக்காற்று போதும். இலங்கையின் மலையகத்தில் அந்த வேலையை மழை செய்கிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு இரண்டாம் கியரில் ஏறும் வண்டியின் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) கொதிக்கக் காய்கிறது. மேலே வந்ததும் பனிமூட்டமும் தூறலும் அதைக் குளிர வைக்கின்றன. தினமும் இப்படிக் காய்ந்து நனைந்தால் அதைப் பிடித்திருக்கும் எந்த ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) இறுகிப்போகும். தோட்டத்துக்கு உரம் ஏற்றும் லொறியும் டிராக்டரும் இன்னும் மோசம். தேயிலை உரத்தில் சேரும் பொட்டாசியம் குளோரைடும் ஒரு உப்புதான். ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அது விட்டுவைக்காது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் பழைய வண்டியையே பழுது பார்த்து ஓட்டும் தேவை கூடிவிட்டது. வீட்டு முற்றத்தில் தாங்களே எஞ்சினைத் திறப்பவர்களும் நிறைய. இறுகிய போல்ட் என்று வந்தால் மூன்று கட்சி இருக்கிறது: எண்ணெய் விட்டு ஊறவிடு என்பவர்கள், சூடு காட்டு என்பவர்கள், அடித்தோ பைப் போட்டோ திருப்பு என்பவர்கள். எனக்கு இந்த மூன்றும் சமம் இல்லை. எதைப் பிடிப்பது என்பதை, போல்ட்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரும்பில் இரும்பு போல்ட் என்றால் பிடித்திருப்பது துரு. துரு தான் உருவான இரும்பைவிடப் பெரிய இடத்தை எடுக்கும். அதனால் மரையின் இடைவெளியை அடைத்து ஆப்பாக நிற்கும். எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட் என்றால், ஈரம் படும்போது அலுமினியம்தான் அரிபடும். மரையைச் சுற்றி வெள்ளைத் தூள் தெரியும். டீசல் வண்டியில், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடு தரும் க்ளோ பிளக்கைப் பிடித்திருப்பது பெரும்பாலும் நுனியில் படிந்த கரி. தானாகக் கழலாமல் இருக்கச் சிவப்பு மரைப் பசை போட்ட போல்ட் இன்னொரு ரகம். அதற்கு எத்தனை நாள் எண்ணெய் விட்டாலும் பயனில்லை, சுமார் 250 பாகை செல்சியஸ் சூடு வேண்டும்.

முதலில் எண்ணெய். நம் ஊரில் எல்லாருடைய கையும் போவது நீல டின் டபிள்யூ.டி-40க்குத்தான். அது 1953இல் ஈரத்தை விலக்குவதற்காகச் செய்யப்பட்ட கலவை. லேசான துருவுக்குச் சரி, பழைய மெனிபோல்ட் ஸ்டட்டுக்குப் போதாது. அதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எப். எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தது மண்ணெண்ணெயைவிட நன்றாக இறங்கும். இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் அது கெடுக்கும், சட்டென்று தீப்பிடிக்கும்.

எண்ணெயின் பலம் அது எதையும் உடைக்காது என்பது. பலவீனம், அதற்கு வழி வேண்டும். மரையின் ஒரு முனை வெளியே தெரியும் ஸ்டட், நட் என்றால் இறங்கும். மூடிய துளைக்குள் போகும் நீளமான போல்ட் என்றால், தலைக்கு அடியிலேயே நின்றுவிடும். அப்புறம், அவசரப்படுபவர்களுக்கு அது உதவாது. மாலையில் விட்டு, சுத்தியலால் தலையில் நாலு தட்டு தட்டி, மறுபடி விட்டு, காலையில் ஸ்பானரைப் போடுங்கள். முற்றம் திறந்தவெளி என்றால் ஒரு பொலித்தீனால் மூடிவிடுங்கள். இரவு மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

சூடு பற்றி நான் அதிகம் சொல்லப் போகிறேன், ஏனென்றால் கொஞ்சம் கவனம் இருந்தால் அதுதான் வெல்கிறது. 10 மில்லிமீட்டர் இரும்பு போல்ட்டை 200 பாகை கூட்டினால் அதன் விட்டம் 0.024 மில்லிமீட்டர்தான் பெருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் துருப் பொருக்கை நொறுக்க அது போதும். முடிந்தவரை போல்ட்டை விட்டுவிட்டு நட்டையோ சுற்றியுள்ள பகுதியையோ சூடாக்குங்கள், வெளிப்பக்கம் விரிந்து பிடி தளரும். அலுமினியத்தில் இந்த வித்தை இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

ஆனால் அங்கேதான் ஆபத்தும். சுத்த அலுமினியம் 660 பாகையில் உருகும், ஹெட் வார்க்கும் கலவை அதற்கும் கீழேயே உருகும், அதுவரை நிறம் மாறிக் காட்டாது. இரும்பு சிவப்பதைப் பார்த்துப் பழகிய கண் ஏமாந்துவிடும். அதனால் அலுமினிய ஹெட்டுக்கு ஒக்சிஅசிட்டிலின் வேண்டாம். ஹீட் கன்னோ சின்ன கேஸ் டோர்ச்சோ போதும். தண்ணீர்த் துளி விட்டால் சீறி ஓடும் சூடு வந்ததும் நிறுத்தலாம். சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரை வாயில் தொட்டுப் பிடித்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். எண்ணெய் போகாத இடத்துக்கும் பல சமயம் அது போகிறது.

எண்ணெயையும் சூட்டையும் ஒரே நேரத்தில் கலக்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அசிட்டோன் கலவை விட்ட இடத்தில் அது முழுதும் காய்ந்து துடைத்த பிறகுதான் தீ. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே வேண்டாம், சூட்டில் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். பெற்றோல் குழாய், ரப்பர் சீல், வயர் பக்கத்தில் இருந்தால் சூடு என்ற யோசனையையே விட்டுவிடுங்கள்.

பிளக்குகளில் விதி எதிரெதிர். அலுமினிய ஹெட்டில் உள்ள ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் குளிர்ந்த பிறகு கழற்றுவதுதான் வழக்கம். க்ளோ பிளக்கை எஞ்சின் சூடாக இருக்கும்போதே தொட வேண்டும். அது பலவீனமான சாமான். 10 மில்லிமீட்டர் மரை உள்ளது சுமார் 35 நியூட்டன் மீட்டரிலேயே முறியும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இல்லாமல் ஹையேஸ் எஞ்சினில் க்ளோ பிளக் கழற்றப் போகாதீர்கள்.

அடி என்று வரும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீளமான பைப் மாட்டித் திருப்புவது போல்ட்டை முறுக்கிக்கொண்டே போகும், துரு விடுவதற்கு முன் கழுத்து முறியும். இம்பெக்ட் தருவது குட்டிக் குட்டி அதிர்ச்சி, அது துருவை நொறுக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியின் நட்சத்திர இஸ்க்ரூவுக்கு, சுத்தியலால் அடிக்கும் இம்பெக்ட் டிரைவரை விட நல்லது எதுவும் இல்லை. ஜப்பான் வண்டியில் அந்தத் தலை ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தரநிலை) வடிவம். சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கி அதைத் தின்றுவிடும். 6, 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இம்பெக்ட் கன்னும் வேண்டாம், பைப்பும் வேண்டாம். ஆறு முனை சொக்கெட் போட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, கையால்தான். சில பழைய ஜப்பான் லொறிகளின் இடப்பக்க சில்லு நட்டுகள் எதிர் மரை. அதை மறந்து திருப்புகிறவர், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பார்.

சரி, தலை முறிந்துவிட்டது. இங்கேயும் போட்டி உண்டு. கடையில் மலிவாகக் கிடைப்பது ஈசி-அவுட். நடுவில் துளை போட்டு, கூம்பு வடிவக் கருவியை இறுக்கித் திருப்புவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூம்பு உள்ளே போகப் போக முறிந்த துண்டை வெளிப்பக்கமாக விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். அது மிகக் கடினமான, நொறுங்கும் எஃகு வேறு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைக் கீறாது, ஹெட்டைக் கழற்றி இயந்திரப் பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும்.

அதைவிட, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுத் துளை வழியாக வெல்டிங் செய்வது பல மடங்கு மேல். புதுத் தலையும் கிடைக்கிறது, துண்டின் நடுவே சூடும் போகிறது. துண்டு பூராவும் சூடேறி விரிந்து, ஆறும்போது சுருங்கும், அதிலேயே பிடி உடையும். சிவப்பு மறைந்த பிறகு மெதுவாக ஆட்டித் திருப்புங்கள். முதல் தடவை நட் பிய்த்துக்கொண்டு வந்தாலும் இன்னொரு நட் வைக்கலாம். இரும்பு வெல்டிங் அலுமினியச் சுவரில் ஒட்டாது என்பதால் மரை தப்பும். வெல்டிங் பிளாண்ட் இல்லாதவர்கள் பக்கத்து டவுனில் கிரில் செய்யும் கடைக்காரரை முற்றத்துக்குக் கூப்பிடலாம். அதற்கு முன் பெட்டரி வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது அலுமினியத்தில் போகும் இரும்பு போல்ட்டுக்கு, மரை இறுகாமல் காக்கும் அன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். அது மரையை வழுக்கலாக்கும், அதனால் புத்தகத்தில் போட்ட டோர்க்கை அப்படியே கொடுத்தால் கூடிப்போகும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மெனிபோல்ட் ஸ்டட் பழையதென்றால் அதையே திரும்பப் போடாமல் புதுசு வாங்கிவிடுங்கள், அட்டனில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து தருவிக்கலாம்.